எம்எம்ஏ வீரர்கள் பாக்ஸிங் ரிங்குக்கு வந்தால் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள்?

ஜாப்முதல்:

வணக்கம் நண்பர்களே. எம்எம்ஏ வீரர்கள் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைக்காரர்கள்) பாக்ஸிங் ஆடிய மூன்று சண்டைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தவே மாட்டேன் என்கிறது. 2017 ஆகஸ்ட் 26, லாஸ் வேகாஸ்: எம்எம்ஏ வீரர் மெக்ரெகர் முதல் மூன்று ரவுண்டு பாக்ஸர் மேவெதருக்கு ஈடுகொடுக்கிறார். 10-ஆவது ரவுண்டில் கால் தள்ளாட, ரெஃபரி சண்டையை நிறுத்துகிறார். 2023 அக்டோபர் 28, ரியாத்: நகானு தன் முதல் தொழில்முறை பாக்ஸிங் சண்டையிலேயே டைசன் ஃபியூரியை 3-ஆவது ரவுண்டில் கீழே சாய்க்கிறார், 10 ரவுண்டும் நின்று ஸ்ப்ளிட் டெசிஷனில்தான் (மூன்று நடுவரில் இருவர் ஒருவருக்கும் மூன்றாமவர் மற்றவருக்கும் தீர்ப்பளிப்பது) தோற்கிறார். அதே நகானு நாலரை மாதம் கழித்து, 2024 மார்ச் 8 அன்று, ஆந்தனி ஜோஷுவாவிடம் இரண்டாவது ரவுண்டைக்கூடத் தாண்டவில்லை.

"அவர்கள் பாக்ஸர்கள் இல்லை, அதனால் தோற்றார்கள்" என்பது எனக்குப் போதவில்லை. எம்எம்ஏவிலும் குத்துதான் போடுகிறார்கள். குறிப்பாக எது மாறுகிறது? நல்ல எம்எம்ஏ வீரர் ஒருவர் 12 வாரத்தில் எட்டு ரவுண்டு பாக்ஸிங் சண்டைக்குத் தயாராக வேண்டுமானால், பயிற்சியாளர் முதலில் எதில் கை வைப்பார்?

கார்னர்ஸ்டூல்:

முதல் குத்தைப் போடுவதில் எம்எம்ஏக்காரர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த அரை விநாடியில்தான் சிக்கல். கூண்டுக்குள் இரண்டு குத்து போட்டதும் வெளியே வந்துவிடலாம், உள்ளே புகுந்து இடுப்பைக் கட்டலாம், உதைத்துத் தள்ளி நிறுத்தலாம். பாக்ஸிங்கில் இந்த மூன்று வாசலில் இரண்டு அடைபட்டுவிடும். கை எட்டும் தூரத்திலேயே நின்று, எதிராளியின் மூன்றாவது நான்காவது குத்தை வாங்காமல், தானும் மூன்றாவது நான்காவது குத்தைப் போட வேண்டும். பாக்ஸர் சிறு வயதிலிருந்து பழகியது அந்த இடத்தைத்தான். எம்எம்ஏ வீரர் அங்கே நின்று பழகியதே இல்லை. நின்றால் டேக்டவுனோ (காலையோ இடுப்பையோ பிடித்துத் தரையில் சாய்ப்பது) முழங்காலோ வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சரியும்கூட.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எம்ஏவில் எதிராளியின் கால் எட்டாத இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து குத்தப் போனால் நீளமாக ஓர் எட்டு வைத்துப் பாய வேண்டியிருக்கும். பாயும்போது எடை முழுவதும் முன்காலில் விழுகிறது, தலை முழங்காலைத் தாண்டி முன்னே போகிறது. நல்ல பாக்ஸர் அரை அடி பின்வாங்கி அந்தக் குத்தைக் காற்றில் விடுவார். பாய்ந்தவர் நிலைக்குத் திரும்புவதற்குள் வலது கை வந்துவிடும்.

அடுத்து நிற்கும் நிலை. காலை அகட்டி, இடுப்பை ஏறக்குறைய நேராகக் காட்டி நிற்பது எம்எம்ஏவுக்கு அவசியம். அப்படி நின்றால்தான் கீழே வரும் உதைக்கு முழங்காலைத் தூக்க முடியும், டேக்டவுன் வந்தால் இரண்டு காலையும் பின்னால் எறிந்து மேலே விழ முடியும். ரிங்கில் அந்த நிலைக்கு எந்தப் பயனும் இல்லை. நெஞ்சும் தாடையும் எதிராளிக்கு முழுசாகத் திறந்து கிடக்கும், ஜாப்பின் (முன்கையால் போடும் நேர்க்குத்து) நீளமும் குறையும்.

கிளவுஸ்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது. எம்எம்ஏ கிளவுஸ் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். விரல்கள் வெளியே இருக்கும். பாக்ஸிங்கில் 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ், 283 கிராம். எல்லோரும் "பெரிய கிளவுஸில் அடி மெத்தென்று விழும்" என்று மட்டும் பேசுவார்கள். தடுப்பில்தான் பெரிய மாற்றம். சின்ன கிளவுஸை முகத்துக்கு முன்னால் வைத்தால் இடுக்கு வழியே குத்து உள்ளே வந்துவிடும். அதனால் எம்எம்ஏ வீரர் கையை நீட்டி, எதிராளியின் மணிக்கட்டைத் தட்டியும் பிடித்தும் தடுக்கிறார். 10 அவுன்ஸ் போட்ட இரண்டு கையை நெற்றியோடு ஒட்டி வைத்தால் அது ஒரு சுவர். எம்எம்ஏ வீரருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். தான் போடும் நேர்க்குத்து அந்தச் சுவரில் பட்டு நிற்கிறது, தனக்கு அந்தச் சுவரைக் கட்டத் தெரியவில்லை. சுவரை உடைக்க விலா எலும்புக்கு ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), முழங்கை இடுக்கில் அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து), பிறகு மேலே என்று மாடி மாற்றிக் குத்த வேண்டும். அது மூன்று நான்கு குத்துச் சங்கிலி. மறுபடி அதே அடைபட்ட வாசலுக்கு வந்துவிட்டோம்.

மெக்ரெகர் சண்டையில் நடந்தது இதுதான். மேவெதர் என்றால் தோளை உயர்த்திச் சாய்ந்து நிற்கும் தடுப்புதான் நினைவுக்கு வரும். அன்று அவர் அதை ஒதுக்கிவைத்து, இரண்டு கையையும் உயர்த்தி நேராக முன்னே நடந்தார். முதல் மூன்று ரவுண்டில் மிகக் குறைவாகவே குத்தினார். மெக்ரெகரைக் குத்தவிட்டுத் தோளைக் களைப்படைய வைத்தார். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி மெக்ரெகர் 430 குத்து போட்டு 111 பட்டது, மேவெதர் 320 போட்டு 170 பட்டது. ஒருவருக்கு நாலில் ஒன்று, மற்றவருக்குப் பாதிக்கு மேல்.

கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்எம்ஏ பட்டச் சண்டை 5 நிமிடம் வீதம் 5 ரவுண்டு, மொத்தம் 25 நிமிடம். பாக்ஸிங் பட்டச் சண்டை 3 நிமிடம் வீதம் 12 ரவுண்டு, 36 நிமிடம். கூண்டில் களைத்தால் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தை ஓட்டலாம். இங்கே பிடித்தால் ரெஃபரி உடனே பிரித்துவிடுவார். மல்யுத்த மூச்சு வேறு, குத்து மூச்சு வேறு. முதலாவது தம் பிடித்து இறுக்குவது, இரண்டாவது தோளும் கெண்டைக்காலும் நிற்காமல் ஓடுவது.

திண்ணைசவுத்பா:

கார்னர்ஸ்டூல் சொன்னது அவ்வளவும் சரி. நகானு விஷயத்தை மட்டும் தனியாப் பிரிச்சுப் பார்க்கணும்.

ஃபியூரி சண்டையில நகானு பாயவே இல்லை. அதுதான் அவர் செஞ்ச பெரிய காரியம். கூண்டுல பாய்ஞ்சு பாய்ஞ்சு நாக் அவுட் பண்ற ஆள், அன்னைக்கு ரிங் நடுவுல அமைதியா நின்னார். ஃபியூரி சாய்ஞ்சு உள்ளே வர்றார், நகானு குட்டையா ஒரு இடது ஹூக் விடறார், தலையோட பக்கவாட்டுல படுது, ஃபியூரி கீழே. அது கவுண்டர் குத்து, எதிராளி வர்ற நேரத்துல போடற பதில் குத்து. எதிராளி தூரத்தைத் தானே குறைச்சுக் குடுத்தா எம்எம்ஏ வீரருக்குப் பாயற வேலை மிச்சம். ஃபியூரி அன்னைக்கு அதைத்தான் குடுத்தார். ஒரு நடுவர் நகானுவுக்கு 95-94 குடுத்தார், மத்த ரெண்டு பேர் ஃபியூரிக்கு 95-94, 96-93.

இன்னொண்ணு, அந்தச் சண்டை மெதுவான சண்டை. பத்து ரவுண்டுல ஃபியூரி போட்டதுல பட்டது 71 குத்து, நகானு போட்டதுல 59. ரவுண்டுக்கு ஆறேழுதான். மூணாவது நாலாவது குத்துங்கிற கேள்வியே வரல. ஹெவிவெயிட்ல இந்த வேகத்துல ஓடினா எம்எம்ஏ வீரர் தாக்குப்பிடிக்கலாம்.

ஜோஷுவா அந்த வேகத்தைக் குடுக்கல. ஃபெயின்ட் (பொய்க் குத்து) காட்டிக் காட்டி நகானுவோட கையும் கண்ணும் எப்படி நகருதுன்னு பார்த்துக்கிட்டார். முதல் ரவுண்டுல நகானு சவுத்பாவுக்கு (வலது காலும் வலது கையும் முன்னால வர்ற நிலை) மாறினதும் நேரா வலது கை, கீழே. ஏன் அது அவ்வளவு சுலபமாப் போச்சுன்னு பாருங்க. ஆர்த்தடாக்ஸ் (இடது கால், இடது கை முன்னால) ஆளுக்கு எதிர்ல சவுத்பா நின்னா, ரெண்டு பேரோட முன்காலும் எதிரெதிரா வருது. சவுத்பாவோட தாடைக்கும் ஆர்த்தடாக்ஸோட வலது கைக்கும் நடுவுல எந்தத் தடையும் இல்லாத நேர்கோடு திறக்குது. அதை அடைக்கணும்னா முன்காலை எதிராளியோட முன்காலுக்கு வெளிப்பக்கம் வெச்சு, முன்கையை அவரோட கோட்டுல நீட்டி மறிச்சு, தலையை நடுக்கோட்டுலேருந்து எடுக்கணும். எம்எம்ஏவுல நிலை மாத்தறது சாதாரணம், ஏன்னா அங்க தூரம் அதிகம், மாறும்போது உதையும் துணைக்கு இருக்கு. ரிங்ல ஜோஷுவா கை நீளத்துக்குள்ள நின்னு காலை மாத்தினா, மாத்தற நேரத்துல ரெண்டு காலும் ஒரே கோட்டுல வந்துடும், உடம்பைத் தாங்க ஆள் இல்ல. ரெண்டாவது ரவுண்டுல மறுபடி வலது கைதான். ரெண்டு தடவை விழுந்தார், ரெண்டாவது தடவை எழுந்திருக்கல.

அதனால ஃபியூரி சண்டையை வெச்சு "எம்எம்ஏவும் பாக்ஸிங்கும் ஏறக்குறைய ஒண்ணு"ன்னு சொல்றதும் தப்பு, ஜோஷுவா சண்டையை வெச்சு "நகானுவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்றதும் தப்பு.

ஜாப்முதல்:

இரண்டு பேருக்கும் நன்றி. நிலை மாற்றும் விஷயம் இப்போதுதான் தெளிந்தது. 12 வாரக் கேள்வி மட்டும் நிற்கிறது. இன்னொரு சந்தேகமும்: மெக்ரெகர் சண்டைக்கு 8 அவுன்ஸ் கிளவுஸ்தானே போட்டார்கள்? 154 பவுண்டு சண்டை என்றால் 10 வந்திருக்க வேண்டுமே?

மிட்ஸ்பிடிப்பவர்:

கிளவுஸ் கேள்விக்கு முதலில். விதிப்படி 10 தான். இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் அந்த ஒரு சண்டைக்கு 8 அவுன்ஸுக்கு விலக்கு கொடுத்தது. அது மெக்ரெகருக்குச் சாதகம் என்று பேசப்பட்டது. ஆனால் துல்லியமாகக் குத்துபவருக்குத்தான் சின்ன கிளவுஸால் லாபம் அதிகம். அன்று யார் துல்லியம் என்பது மேலே உள்ள எண்ணிலேயே இருக்கிறது.

இப்போது 12 வாரம். எட்டு ரவுண்டு சண்டை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் நாளே பாக்ஸிங் ஷூ போட வேண்டும். இதைப் பலர் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். வெறுங்காலில் பழகியவருக்கு ஷூ போட்டதும் கான்வாஸில் பிடிப்பு கூடுகிறது. வழுக்கித் திரும்பப் பழகிய கால் திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும், முழங்கால்தான் முறுக்கை வாங்கும். கெண்டைக்கால் வலியும் குதிகால் கொப்புளமும் முதல் இரண்டு வாரத்திலேயே வந்து போய்விட வேண்டும்.

முதல் மூன்று வாரம் திறந்த ஸ்பாரிங் (கட்டுப்பாடில்லாத பயிற்சிச் சண்டை) வேண்டவே வேண்டாம். தரையில் டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். முன்கால் விரலும் பின்கால் குதிகாலும் கோட்டைத் தொட்டாற்போல, பாதங்களுக்கு நடுவில் தோள் அகலம், பின்குதிகால் லேசாக உயர்ந்து, முன்பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி. களைத்ததும் கால் தானாக அகலும். பயிற்சியாளர் கையைப் பார்க்காமல் காலையே பார்க்க வேண்டிய நாட்கள் இவை. ஒவ்வொரு நாளும் 3 நிமிடம் வீதம் 4 ரவுண்டு வெறும் ஜாப்: நின்று, முன்னே வந்து, பின்னே போய், பக்கவாட்டில் நகர்ந்து. கை போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். எம்எம்ஏ வீரர்களுக்குக் கை இடுப்புயரத்துக்கு வந்துதான் மேலே ஏறும், இடுப்பைக் கட்ட வருபவரைத் தள்ளிப் பழகிய கை அது. அந்த ஒரு பழக்கமே நாக் அவுட்டுக்குப் போதும். எம்எம்ஏ வீரர் உட்லியைப் பாக்ஸர் ஜேக் பால் 2021 டிசம்பரில் 6-ஆவது ரவுண்டில் வீழ்த்தியதை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். கீழே வருவதுபோல் ஒரு போக்குக் காட்டினார், உட்லியின் இடது கை இறங்கியது, அதன் மேலே வலது கை போனது.

தலையசைவுக்கு நெஞ்சுயரத்தில் கயிறு கட்டி, அதன் இரு பக்கமும் குனிந்து குனிந்து முன்னேறும் பழைய பயிற்சியே போதும், தினம் 3 ரவுண்டு. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். கண் எதிராளியின் நெஞ்சில் இருக்க வேண்டும். குனிந்தால் முழங்கால் வரும் என்ற பயம் உடம்பில் ஊறியிருப்பதால், இவர்கள் குனிவதற்குப் பதில் தாடையைத் தூக்கிப் பின்னால் சாய்வார்கள். 30 அடி அகலக் கூண்டில் பின்னால் இடம் இருக்கிறது. 20 அடி ரிங்கில் இரண்டாவது சாய்விலேயே முதுகில் கயிறு.

4 முதல் 6-ஆவது வாரம் வரை கட்டுப்பாட்டோடு ஸ்பாரிங், வாரம் இரண்டு நாள், 4 முதல் 6 ரவுண்டு. ஒரு ரவுண்டு இருவருக்கும் ஜாப் மட்டும். ஒரு ரவுண்டு உடம்புக்கு மட்டும். ஒரு ரவுண்டு மூலையில்: வீரரை மூலையில் நிறுத்தி 30 விநாடி அடிவாங்காமல் தடுத்து, பிறகு எதிராளியின் தோளைத் தள்ளிச் சுற்றி வெளியே வர வேண்டும். எண்கோணக் கூண்டின் மூலை 135 பாகை, ஒட்டினாற்போலவே நழுவிப் போய்விடலாம். ரிங்கின் மூலை 90 பாகை. இரண்டு பக்கமும் கயிறு, முன்னால் ஆள். மூலையிலிருந்து வெளிவரத் தெரியாதவர் மற்ற எல்லாம் தெரிந்திருந்தும் அங்கேயே சண்டையை இழப்பார்.

7 முதல் 10-ஆவது வாரம் வரை திறந்த ஸ்பாரிங், வாரம் மூன்று நாள், 16 அவுன்ஸ் கிளவுஸ், தலைக்கவசம். 6 ரவுண்டில் தொடங்கி 10 வரை. இரண்டு ரவுண்டுக்கு ஒருமுறை களைக்காத புது ஆள் உள்ளே வர வேண்டும். ஸ்பாரிங்குக்கு எம்எம்ஏ நண்பர்களைக் கூப்பிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. அவர்களும் அதே தூரத்தில் நிற்பார்கள், அதே போல இரண்டு குத்துக்கு விலகுவார்கள், வீரருக்கு எல்லாம் சரியாக வருவதுபோலத் தோன்றும். கூலி கொடுத்தாவது நிஜ பாக்ஸர்கள் வேண்டும், அதிலும் எதிராளியின் உயரமும் நிலையும் உள்ளவர்கள். கடைசி கடின ஸ்பாரிங் சண்டைக்கு 8-10 நாள் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

மல்யுத்தத்தையும் உதையையும் அந்த 12 வாரமும் முழுசாக நிறுத்துங்கள். காயம் ஒரு காரணம். உடம்பு இரண்டு நிலையை ஒரே மாதத்தில் கற்காது என்பது பெரிய காரணம்.

கிளிஞ்ச் (எதிராளியைக் கட்டிப் பிடிப்பது) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களின் பலம் என்று எல்லோரும் நம்பும் இடம் அது. அக்குளுக்குள் கை விட்டுத் தூக்கி இறுக்குவது இங்கே வீண் செலவு. பிரித்ததும் மூச்சு வாங்குபவர் இறுக்கியவர்தான். எதிராளியின் இரு புஜத்தின் மேல் கையைப் போட்டு, நெற்றியை அவர் தோளில் சாய்த்து, எடையை அவர் மேல் விட்டு ஓய்வெடுப்பதுதான் பாக்ஸிங் கிளிஞ்ச். ஒரு கையால் பிடித்து மறு கையால் குத்துவது எம்எம்ஏவில் அன்றாடம், இங்கே ஃபவுல். பின்மண்டையில் அடிப்பதும், முஷ்டியின் பக்கவாட்டால் சுத்தியல்போல் அடிப்பதும் அப்படியே. மெக்ரெகரை ரெஃபரி ராபர்ட் பேர்ட் இதற்காக எச்சரித்தார். களைத்ததும் பழைய பழக்கம்தான் எட்டிப்பார்க்கும். நேட் டியாஸ் 2023 ஆகஸ்டில் ஜேக் பாலுடன் மோதியபோது, கடைசி 10-ஆவது ரவுண்டில் கழுத்தைக் கையால் கட்டினார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஒத்திகை வேண்டும். எதிராளியைக் கீழே வீழ்த்தினால் எம்எம்ஏ வீரரின் உடம்பு அவர் மேல் பாயும். இங்கே நடுநிலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும். போகும்வரை ரெஃபரி எண்ணுவதை நிறுத்திவைக்கலாம், அந்த ஒவ்வொரு விநாடியும் விழுந்தவருக்கு ஓய்வு. தான் விழுந்தாலும் அப்படியே: துள்ளி எழக் கூடாது. ஒரு முழங்காலில் இருந்து எட்டு வரை கேட்டு எழ வேண்டும். கூண்டில் விழுந்தால் உடனே எழாவிட்டால் சண்டை முடிந்தது, அதனால் இவர்கள் கால் நிலைக்கு வருமுன்பே எழுந்து இரண்டாவது தடவை விழுகிறார்கள்.

பழையரிங்:

பயிற்சி பற்றி எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "எதிராளி யார்" என்பதற்கு இந்த இழையில் கொடுத்த இடம் போதாது.

எம்எம்ஏ வீரர் ஆண்டர்சன் சில்வா 2021 ஜூன் 19 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் பாக்ஸர் சாவேஸ் ஜூனியரை ஸ்ப்ளிட் டெசிஷனில் வென்றார். சில்வாவுக்கு அப்போது 46 வயது. சாவேஸ் ஜூனியர் முன்னாள் டபிள்யூபிசி (உலக பாக்ஸிங் கவுன்சில்) மிடில்வெயிட் சாம்பியன்தான். ஆனால் ஒப்புக்கொண்ட எடைக்கே வரவில்லை, குத்துவதும் குறைவு. சில்வா சவுத்பாவாக நின்று ஜாப்பால் ரவுண்டுகளைச் சேர்த்தார். வெற்றியைக் குறைத்துச் சொல்லவில்லை. சில்வா இளமையில் இரண்டு தொழில்முறை பாக்ஸிங் சண்டை ஆடியவர், கூண்டுக்குள்ளும் தலையசைவில் பெயர் எடுத்தவர். அவர் உடம்பில் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் ஜேக் பாலுடன் எட்டு ரவுண்டு ஆடியபோது கடைசி ரவுண்டில் விழுந்து, புள்ளியில் தோற்றார்.

மறுபக்கம் பென் ஆஸ்க்ரன். 2021 ஏப்ரலில் ஜேக் பாலிடம் முதல் ரவுண்டிலேயே முடிந்தது. அவர் மல்யுத்தத்தாலேயே எம்எம்ஏவில் வென்றவர், குத்து அவருக்கு இடுப்பைப் பிடிக்கப் போகும் வழி மட்டும். "எம்எம்ஏ வீரர்" என்ற ஒரே சொல்லுக்குள் சில்வாவையும் ஆஸ்க்ரனையும் போட்டுப் பேசினால் எந்த முடிவும் வராது. குத்தை நம்பி வென்றவரா, பிடியை நம்பி வென்றவரா என்று முதலில் பிரியுங்கள்.

எதிர்த்திசையில் போனவர்களுக்கும் இதே கதைதான். 2010 ஆகஸ்ட் 28 அன்று பாஸ்டனில் ஜேம்ஸ் டோனி, பாக்ஸிங்கில் பல எடைகளில் உலக சாம்பியன், எம்எம்ஏ வீரர் ரேண்டி கூட்டூருக்கு எதிரே கூண்டில் நின்றார். கூட்டூர் தாழப் புகுந்து ஒரு காலைப் பிடித்தார், டோனி விழுந்தார், முதல் ரவுண்டிலேயே கூட்டூர் அவர் கழுத்தை இறுக்கி முடித்தார்.

ஜாப்முதல்:

பிரித்துப் பார்க்கச் சொன்னது நல்ல வழி. மெக்ரெகர் சண்டையை மறுபடி பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்கட்டும்?

கார்னர்ஸ்டூல்:

சத்தத்தை நிறுத்திவிட்டு 4-ஆவது ரவுண்டிலிருந்து தொடங்குங்கள். மெக்ரெகரின் கையைப் பார்க்காதீர்கள், இரண்டு பாதத்துக்கும் நடுவில் உள்ள அகலத்தைப் பாருங்கள். மேவெதர் உள்ளே நடந்து வரவர அது ரவுண்டுக்கு ரவுண்டு எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்ரெகர் இரண்டு குத்துக்கு மேல் எத்தனை தடவை போட்டார், அதற்குப் பிறகு பின்னால் போனாரா, பக்கவாட்டில் போனாரா என்பதையும் எண்ணுங்கள். நேராகப் பின்னால் போகும் எண்ணிக்கை ஏறும்போது மேவெதரின் வலது கை எத்தனை தடவை படுகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.